வலியை மிச்சம் பிடித்த வார்டு

கத்தி வைத்த இடத்தில் வலிக்கும் என்ற தகவல் மாவட்டச் சுகாதார அலுவலகத்தின் கவனத்துக்கு அந்த வருடம்தான் முறைப்படி கொண்டுவரப்பட்டது. அதற்கு முன்பும் நோயாளிகளுக்கு வலித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அதெல்லாம் அலுவலகத்துக்குத் தெரிவிக்காமல் வலித்த வலி. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

துணை இயக்குநர் திரு. யாடோர் வெளிநாட்டில் ஒரு மாநாட்டுக்குப் போய் வந்த பிறகு நிலைமை மாறியது. அங்கே வலியை அளக்கிறார்களாம். அளப்பதோடு நிற்காமல், அறுவை முடிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து, வலியோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது என்று சொல்லிக்கொடுக்க ஆளும் வைத்திருக்கிறார்களாம். "நம்ம மாவட்டத்துல மட்டும் ஜனங்க எந்த வழிகாட்டுதலும் இல்லாம சும்மா வலிச்சுக்கிட்டுக் கெடக்குறாங்க" என்று அவர் கூட்டத்தில் வருத்தப்பட்டார். கூட்டமும் எழுந்து நின்று வருத்தப்பட்டது. ஒவ்வோர் ஆஸ்பத்திரிக்கும் ஒரு வலிப் பயிற்றுநர் வேண்டும் என்று அன்றைக்கே ஆணை பிறந்தது.

கப்சிமோட் ஆஸ்பத்திரியில் அந்தப் பதவி பெண்கள் வார்டு நர்ஸ் ரோடாவுக்கு வந்தது. ஆணை வந்த அன்று மற்ற நர்சுகள் எல்லாரும் லீவில் இருந்தார்கள். தகுதி என்று பார்த்தால் அதுதான். ரோடா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. "கர்த்தாவே, நீர் கொடுத்த வேலை, நீரே நடத்தும்" என்று ஜெபித்துவிட்டு, மாவட்டத் தலைநகரில் ஒரு ஹோட்டலில் நடந்த பயிற்சிக்கு மதாத்து வேன் பிடித்துப் போனாள்.

பயிற்சி கொடுக்க நைரோபியிலிருந்து ஓர் இளம்பெண் வந்திருந்தாள். நல்ல பெண். மெல்லிய குரல். வலி என்பது நம் வீட்டுக்கு வந்திருக்கும் விருந்தாளி, அதைத் துரத்தக் கூடாது, சிரித்த முகத்தோடு வரவேற்க வேண்டும் என்றாள்.

ரோடா கையைத் தூக்கினாள். "டீயும் குடுக்கணுமா மேடம்?"

அவள் உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எங்கள் பக்கத்தில் விருந்தாளியை வெறும் வாயோடு உட்கார வைப்பதில்லை. ஹாலில் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அந்தப் பெண் மட்டும் சிரிக்காமல், "அழகான கேள்வி" என்று சொல்லி அடுத்த படத்துக்குப் போய்விட்டாள்.

பயிற்சி முடிந்ததும் ரோடாவுக்கு ஒரு பச்சை பனியனும், கழுத்தில் மாட்டிக்கொள்ள ஓர் அட்டையும் கொடுத்தார்கள். கூடவே விதிமுறைகள். காலையும் மாலையும் நோயாளியிடம் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலி எண் கேட்க வேண்டும். எண் நாலைத் தொட்டால்தான் மருந்தறை வலி மாத்திரை கொடுக்கும். எண் இல்லாமல் கொடுக்கப்படும் மாத்திரை வீண்செலவாகக் கருதப்படும். நோயாளியின் வாய்மொழியே இறுதியானது. அதை மாற்றப் பயிற்றுநருக்கு அதிகாரம் கிடையாது.

விதிகள் நன்றாகத்தான் இருந்தன. அவை கப்சிமோட்டுக்கு வந்ததுதான் கோளாறு.

கப்சிமோட் பள்ளத்தாக்கின் விளிம்பில், மேகம் வராந்தாவுக்குள் வந்து போகும் உயரத்தில் இருக்கிறது. அந்த ஊரில் காலை வேளையில் ஒருவர் நடந்து போனால், உடம்புக்கு என்ன என்று விசாரிப்பார்கள். மற்ற எல்லாரும் ஓடுவார்கள். உலகத்தில் எங்கெங்கோ நடக்கும் பந்தயங்களுக்கு ஆள் தயார் பண்ணும் முகாம்கள் அங்கே தெருவுக்கு ஒன்று. அதனால் அங்குள்ள ஆஸ்பத்திரிக்குக் கிழிந்த முழங்காலும் அறுந்த குதிகால் நரம்பும்தான் அதிகம் வரும். வாரத்துக்கு ஒரு தடவை நகரத்திலிருந்து டாக்டர் வந்து அறுத்துத் தைத்துவிட்டுப் போவார்.

எங்கள் ஜனங்கள் ஆணோ பெண்ணோ, வளரும் வயதிலேயே சடங்குக் கத்தி முன்னால் கண் இமைக்காமல் நின்றவர்களின் வழியில் வந்தவர்கள். முகத்தில் ஒரு சுருக்கம் விழுந்தால் அந்தக் குடும்பத்தில் பெண் எடுக்க யோசித்த காலம் உண்டு. இப்போது கத்தி போய்விட்டது. முகம் மட்டும் அப்படியே இருக்கிறது.

பெண்கள் வார்டில் படுத்திருந்த ஓட்டக்காரி செலாங்கட்டின் முகமும் அப்படித்தான். மலைச்சரிவில் இறங்கி ஓடும்போது விழுந்து முழங்கால் உள்ளே கிழிந்து, முந்தின நாள்தான் அறுவை முடிந்திருந்தது. அடுத்த தடவை டாக்டர் வருவதற்குள் அந்த முழங்கால் செங்கோணத்துக்கு மடங்கியாக வேண்டும். மடங்காவிட்டால் உள்ளே ஒட்டிப் பூட்டிக்கொள்ளும். அப்புறம் நடக்கலாம், ஜெபக்கூட்டத்துக்குப் போகலாம், மாடு கறக்கலாம். ஓட முடியாது. இதை டாக்டர் ரோடாவிடம் தனியாகச் சொல்லியிருந்தார். "மாத்திரை குடுத்துட்டு, அது வேலை செய்யும்போது மடக்குங்க. மாத்திரை இல்லாம மடக்கினா தசை இறுகிடும்."

ரோடா பச்சை பனியனோடு கட்டிலருகே உட்கார்ந்தாள்.

"ஒரு நம்பர் சொல்லும்மா. பூஜ்யம்னா வலியே இல்ல. பத்துன்னா தாங்கவே முடியல."

செலாங்கட்டின் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. அவள் கூரையைப் பார்த்தாள்.

"இதுல எது ஜெயிக்கிறது, சிஸ்டர்?"

"ஜெயிக்கிறது தோக்கிறது எல்லாம் இல்லம்மா இதுல."

"சின்ன நம்பர் நல்லதா, பெரிய நம்பர் நல்லதா?"

ரோடாவுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. "வலி கம்மியா இருந்தா நல்லதுதானே."

"அப்போ பூஜ்யம்."

பக்கத்துக் கட்டிலில் ஜெமுத்தாய். குதிகால் நரம்பு தைத்தவள். செலாங்கட்டின் முகாம்தான், ஐந்து வருடமாக ஒருத்தி முந்தினால் மற்றவள் தூங்குவதில்லை. ரோடா திரும்புவதற்குள் அவள் சொன்னாள், "எனக்கும் பூஜ்யம். அவளுக்கு முன்னாடியே பூஜ்யம்."

அன்று வார்டில் ஒருத்திக்கும் வலிக்கவில்லை. ஒருத்திக்கும் மாத்திரையும் கிடைக்கவில்லை. ரோடா மருந்தறைக்குப் போய், மருந்து கொடுக்கும் எலாமிடம் கெஞ்சிப் பார்த்தாள்.

"நம்பர் கொண்டு வாங்க அக்கா" என்றான் எலாம். "நான் என்ன, மாத்திரையை எங்க வீட்டுக் கோழிக்கா போடப் போறேன்? நாலு கொண்டு வாங்க, அள்ளித் தரேன்."

"அவ தலையணை நனைஞ்சு கெடக்குது, எலாம்."

"தலையணை வாய்மொழி சொல்லுமா அக்கா?"

மாத்திரை இல்லாவிட்டால் என்ன, பயிற்சி இருக்கிறதே என்று ரோடா வார்டுக்குத் திரும்பினாள். ஹோட்டலில் சொல்லிக்கொடுத்தபடி எல்லாரையும் கண்ணை மூடி, மூச்சை இழுத்து விடச் சொன்னாள். அவர்கள் இழுத்த இழுப்பில் ஜன்னல் திரை உள்ளே வந்தது. மூச்சு விஷயத்தில் தான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஒன்றும் இல்லை என்று ரோடாவுக்குப் புரிந்துவிட்டது.

"இப்போ அமைதியான ஒரு எடத்தை மனசுல நெனச்சுக்கோங்க" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து, "நெனச்சியாம்மா?" என்று ஜெமுத்தாயைக் கேட்டாள்.

"நெனச்சேன் சிஸ்டர். மாரத்தான்ல கடைசி மேடு."

"அது அமைதியான எடமா?"

"அங்க என்கூட யாருமே இல்ல. எல்லாரும் பின்னாடி."

"நான் அங்கதான் இருந்தேன்" என்றாள் செலாங்கட், கண்ணைத் திறக்காமல். "நீதான் பாக்கல. நான் முன்னாடி இருந்தேன்."

அன்று மாலை வலி எண் கேட்டபோது செலாங்கட் சொன்னாள், "மைனஸ் ஒண்ணு."

ரோடா பேனாவை நிறுத்தினாள். "மைனஸ் இதுல இல்லம்மா."

"பூஜ்யத்துக்குக் கீழ நம்பர் இருக்குன்னு பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தாங்களே. அது பொய்யா?"

"பொய் இல்ல. ஆனா வலி எப்படிம்மா பூஜ்யத்துக்குக் கீழ போகும்?"

"அறுக்கறதுக்கு முன்னாடி இருந்ததைவிட இப்ப சுகமா இருக்கு." சொல்லும்போது அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததால் வார்த்தைகள் ஒவ்வொன்றாகத்தான் வெளியே வந்தன.

"எனக்கு மைனஸ் மூணு" என்றது பக்கத்துக் கட்டில்.

நோயாளியின் வாய்மொழியே இறுதியானது. ரோடா அழாத குறையாக அப்படியே எழுதினாள். அடுத்த நாள் மைனஸ் ஐந்து, மைனஸ் ஆறு என்று போனது. வார்டின் மறு கோடியில், வலைப்பந்து ஆடித் தோள்பட்டை இறங்கிய ஒரு பள்ளிக்கூட டீச்சர் கூட வெட்கப்பட்டு மைனஸ் ஒன்று சொன்னாள். இதற்கிடையில் ரோடா செலாங்கட்டின் கணுக்காலைப் பிடித்து முழங்காலை மெல்ல மடக்கப் பார்த்தாள். முகம் சுவரில் மாட்டிய படம் மாதிரி அசையாமல் இருந்தது. முழங்காலும் அசையவில்லை.

முகாமின் கோச் கிமையோ சுரைக்குடுவையில் புளித்த பால் எடுத்துக்கொண்டு பார்க்க வந்தார். ஜெயித்து வருகிறவர்களுக்குத்தான் அந்தப் பாலைக் கொடுப்பது வழக்கம். எண்களைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"மைனஸ் ஆறா. நம்ம முகாம்ல இதுவரைக்கும் யாரும் போகாத எடம்."

ரோடா அவரை வராந்தாவுக்குக் கூட்டிப் போனாள். "கோச், நீங்க ஒரு வார்த்தை சொன்னா அந்தப் பொண்ணு வலிக்குதுன்னு சொல்லிடுவா. சொன்னா மாத்திரை கெடைக்கும். மாத்திரை கெடைச்சா கால் மடங்கும்."

கிமையோ குடுவையின் மூடியைத் திருகிக்கொண்டே யோசித்தார். "சிஸ்டர், நீங்க விசுவாசமுள்ள பொம்பளை. உங்ககிட்ட மறைக்கல. முகாம்ல ஒருத்தி வலிக்குதுன்னு வாயைத் திறந்தா, மறுநாள் காலையில எல்லாருக்கும் வலிக்கும். அப்புறம் யாரு ஓடுவா? அதைச் சொல்லாம இருக்கறதுதான் நான் இத்தனை வருஷமா சொல்லிக்குடுத்த ஒரே பாடம். மத்ததெல்லாம் அவங்களே ஓடிக் கத்துக்கிட்டது."

மறுநாள் ரோடாவுக்கு மாவட்ட அலுவலகத்திலிருந்து போன் வந்தது. திரு. யாடோரே பேசினார்.

"உங்க வார்டு கணக்கைக் கூட்டிப் பார்த்தோம். மைனஸ்ல வருது. பாராட்டுக்கள்."

"சார், அது வந்து, அந்தப் பிள்ளைங்க போட்டி போட்டுக்கிட்டு..."

"அடக்கமா பேசறீங்க. நல்ல குணம். விஷயம் என்னன்னா, கீழே பள்ளத்தாக்கு ஆஸ்பத்திரியில வலி ரொம்ப அதிகமா இருக்கு. அங்க ஜனங்க கூச்சமில்லாம எட்டு, ஒன்பதுன்னு சொல்றாங்க. உங்ககிட்ட வலியில்லாத தன்மை உபரியா கெடக்குது. அதை அங்க மாத்தி விட்டுட்டோம்."

"எப்படி சார் மாத்தினீங்க?"

"கணக்குல. அவங்க பிளஸ்ஸும் உங்க மைனஸும் சரியாப் போச்சு. இப்ப அங்க யாருக்கும் வலி இல்ல."

"அவங்களுக்குத் தெரியுமா சார்?"

"சுற்றறிக்கை போயிருக்கு."

வலியே இல்லாத இரண்டு ஆஸ்பத்திரிகளுக்கு வலி மாத்திரை எதற்கு என்ற கேள்வி இயல்பாகவே எழுந்தது. மதியத்துக்குள் ஒரு பிக்கப் வண்டி வந்து எலாமின் அலமாரியைத் துடைத்து எடுத்துக்கொண்டு தலைநகருக்குப் போனது. எலாம் காலி அலமாரியைப் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டான். பூட்டாமல் விடக் கூடாது என்று விதி இருந்தது.

அன்று ஜெபத்தில் ரோடா நெடுநேரம் முழங்காலில் இருந்தாள். எழுந்தபோது அவளுக்கு ஒரு யோசனை இருந்தது. அது கர்த்தர் கொடுத்ததா என்பதில் அவளுக்கே சந்தேகம்தான். அதனால் முன்கூட்டியே மன்னிப்பும் கேட்டுக்கொண்டாள்.

"பிள்ளைங்களா, விதி மாறிடுச்சு" என்று வார்டில் அறிவித்தாள். "இனிமே பெரிய நம்பர்தான் ஜெயிக்கும்."

எல்லாக் கட்டில்களிலும் தலைகள் நிமிர்ந்தன. பிறகு ஜெமுத்தாய் கேட்டாள், "நம்பர் மட்டும் சொன்னாப் போதுமா, சத்தமும் போடணுமா?"

"சத்தம் போட்டா நல்லது."

"எப்படிப் போடறது?"

அங்கே யாருக்கும் முனகத் தெரியவில்லை. ரோடா தான் பிள்ளை பெற்றதை நினைத்துக்கொண்டு ஒரு தடவை முனகிக் காட்டினாள். அவர்கள் கவனமாகக் கேட்டுக்கொண்டு பயிற்சியில் இறங்கினார்கள். முதலில் உடம்பைச் சூடு பண்ண மெதுவான முனகல். பிறகு நீண்ட சீரான முனகல். பிறகு, சின்ன இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப முழு வேகத்தில் ஒரு கத்தல். விடிவதற்கு முன்பே எழுந்து தொடங்கிவிடுவார்கள். பக்கத்து ஆண்கள் வார்டிலிருந்து ஒருவர் தட்டுத் தடுமாறி வந்து, இங்கே யார் இறந்தது என்று கேட்டார்.

"பதினெட்டு" என்றாள் செலாங்கட்.

"நாப்பது" என்றாள் ஜெமுத்தாய்.

"பத்துக்குள்ள சொல்லுங்கம்மா" என்று ரோடா கெஞ்சினாள். "கர்த்தர் பேரால கேக்கறேன், பத்துக்குள்ள."

"பத்தோட நிறுத்தினா அவ பதினொண்ணு சொல்லுவா சிஸ்டர். அவளை உங்களுக்குத் தெரியாது" என்றாள் செலாங்கட்.

வார்டின் எண் நூறைத் தாண்டியது. இப்போதாவது மாத்திரை வரும் என்று ரோடா போன் செய்தாள். திரு. யாடோர் பொறுமையாக விளக்கினார்.

"அளவுகோல் பத்தோட முடியுது. பத்துக்கு மேல இருக்கற வலி இந்த அலுவலகத்தோட அதிகார எல்லைக்குள்ள வராது. அதனால அதைக் கணக்குல சேத்துக்கல. உங்க வார்டு இப்ப பூஜ்யம்."

"மைனஸும்தான் சார் அளவுகோல்ல இல்ல. அதைச் சேத்துக்கிட்டீங்களே."

"அது மிச்சம் அம்மா. மிச்சத்தை எந்த அலுவலகமும் வேண்டாம்னு சொல்லாது." அவர் குரல் கனிந்தது. "இன்னொரு சந்தோஷமான செய்தி. மேலேயும் பூஜ்யம், கீழேயும் பூஜ்யம். நம்ம மாவட்டத்தை வலியற்ற மாவட்டமா அறிவிக்கப் போறோம். விழாவை உங்க வார்டுலயே வெச்சுக்கலாம்னு இருக்கோம். முனகல் சத்தத்தை மட்டும் அன்னைக்குக் கொஞ்சம் நிறுத்தி வைக்கச் சொல்லுங்க."

விழாவுக்கு மறுநாள் டாக்டர் வருகிற நாள்.

விழா அன்று காலை வார்டு வாசலில் துணிப் பதாகை கட்டினார்கள். பாடகர் குழு வந்தது. அதிகாரிகள் வந்து இறங்குவதற்கு முன்னால் ரோடா கடைசியாக ஒருமுறை செலாங்கட்டின் காலைப் பிடித்தாள். கால் கட்டை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணின் கண்ணோரத்தில் ஒரு துளி நின்றது. அது வழியாதபடி அவள் கண்ணை அகலத் திறந்து வைத்திருந்தாள்.

ரோடா அட்டையைக் கழற்றிக் கட்டிலில் வைத்துவிட்டு, குனிந்து அவள் காதோடு பேசினாள்.

"செலாங்கட், உங்க முகாம்ல இதுவரைக்கும் ஒருத்தரும் சொல்லாத நம்பர் ஒண்ணு இருக்கு."

"நூறா?"

"இல்ல. உண்மையான நம்பர்."

செலாங்கட் வெகுநேரம் கூரையைப் பார்த்தாள். பிறகு பக்கத்துக் கட்டிலைப் பார்த்தாள். "அதை ஜெமுத்தாயால சொல்ல முடியாதா?"

"முடியவே முடியாது. கோச்சாலயும் முடியாது."

திரு. யாடோர் பரிவாரத்தோடு உள்ளே வந்தார். கோச் கிமையோ கோட்டு போட்டுக்கொண்டு சுவரோரம் நின்றார். பாடகர் குழு ஒரு ஸ்தோத்திரப் பாட்டுப் பாடி முடித்தது. இந்த மாவட்டத்தின் எந்த மூலையிலும் எந்த நபருக்கும் எவ்வித வலியும் நிலுவையில் இல்லை என்று அறிவிப்பதில் அலுவலகம் பெருமகிழ்ச்சி கொள்வதாக யாடோர் பேசினார். பேசிவிட்டு, படம் எடுப்பதற்கு வாகாகச் செலாங்கட்டின் பக்கம் குனிந்து, "எப்படிம்மா இருக்கு? எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லு" என்றார்.

"ஏழு" என்றாள் செலாங்கட்.

யாடோர் புன்னகை மாறாமல் கேட்டார், "மைனஸ் ஏழுதானே?"

"இல்ல சார். வெறும் ஏழு. மடக்கினா ஒன்பது."

ஜெமுத்தாய் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். கோச் கிமையோ ஜன்னல் வழியாகப் பள்ளத்தாக்கைப் பார்க்கத் தொடங்கினார். அங்கே பார்க்க மேகத்தைத் தவிர ஒன்றும் இல்லை. பாடகர் குழுவில் ஒரு கிழவர் தலையிலிருந்து தொப்பியை எடுத்தார்.

யாடோரும் அதிகாரிகளும் வராந்தாவில் கூடிப் பேசினார்கள். ரோடா கதவோரம் நின்று கேட்டாள். ஏழு என்பது அளவுகோலுக்கு உள்ளே இருக்கிறது. மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. சாட்சிகள் முன்னால், விழா மேடையில் சொல்லப்பட்டது. அதைத் தள்ளுபடி செய்ய விதியில் எங்கேயும் இடமில்லை. ஆகவே மாவட்டத்தில் வலியுள்ளவர் ஒருவர் இருக்கிறார். மாவட்டத்தின் வலி மாத்திரை ஒதுக்கீடு முழுவதும் வலியுள்ளவர்களுக்கே உரியது. ஆகவே.

சாயங்காலத்துக்குள் தலைநகரிலிருந்து ஒரு லாரி மேட்டில் ஏறி வந்தது. மேட்டு ஆஸ்பத்திரிக்கும், பள்ளத்தாக்கு ஆஸ்பத்திரிக்கும், இடையிலுள்ள எல்லாச் சுகாதார நிலையங்களுக்குமான மாத்திரைகளை இறக்கி, செலாங்கட்டின் கட்டிலுக்கு அடியிலும், தலைமாட்டிலும், ஜன்னல் மேடையிலும் பெட்டி பெட்டியாக அடுக்கினார்கள். எல்லாம் பயனாளியின் சொந்தப் பொறுப்பில் இருக்க வேண்டும் என்றும், அவர் கையால் தவிர வேறு யார் கையாலும் வெளியே போகக் கூடாது என்றும் ஆணை சொன்னது.

ரோடா தண்ணீர் கொடுத்தாள். செலாங்கட் மாத்திரையை விழுங்கினாள். முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகும்வரை ரோடா காத்திருந்தாள். பிறகு கணுக்காலைப் பிடித்தாள். முதலில் கொஞ்சம் மடங்கியது. நிறுத்தி, மூச்சு விட்டு, இன்னும் கொஞ்சம். "எத்தனை?" என்று கேட்டாள் ரோடா. "நாலு... அஞ்சு... இருங்க சிஸ்டர்... நாலு" என்று ஒளிக்காமல் சொன்னாள் செலாங்கட். மறுநாள் டாக்டர் வந்தபோது அந்த முழங்கால் செங்கோணத்துக்கு வந்திருந்தது. "ஓடலாம், அவசரப்படாம" என்று சொல்லிவிட்டுப் போனார். ரோடா தலைத்துணியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கர்த்தருக்கு மனசுக்குள்ளேயே நன்றி சொன்னாள்.

இத்தோடு காரியம் நல்லபடியாக முடிந்தது என்றுதான் அவள் நினைத்தாள்.

டாக்டரின் வண்டி வாசலைத் தாண்டியதும், பக்கத்துக் கட்டிலிலிருந்து ஒரு குரல்.

"செலாங்கட், ஒரு ரெண்டு மாத்திரை குடேன். எனக்கில்ல. ஊர்ல எங்க அத்தைக்கு."

"அத்தைக்கு எங்க வலி?"

"குதிகால்ல. தையல் போட்ட எடத்துல."

"எத்தனை?"

"எட்டு" என்றாள் ஜெமுத்தாய், ஒரு நொடி கூட யோசிக்காமல். "காலைக் கீழ தொங்கப் போட்டா ஒன்பது. விடியக்காலையில ஆறு."

செலாங்கட் ஒன்றும் கேட்காமல் எடுத்துக் கொடுத்தாள். ஜெமுத்தாய் அத்தைக்கான மாத்திரையை அங்கேயே விழுங்கிவிட்டு, "அவளுக்குத்தான், நான் சரிபார்த்துக் குடுக்கணும்ல" என்றாள்.

மதியம் கோச் கிமையோ வந்தார். முகாம் காவல்காரனுக்கு இடுப்பு வலியாம். பல வருடமாக இருக்கிறதாம். உட்கார்ந்து எழும்போது ஏழு, காரில் ஏறும்போது எட்டு. காவல்காரனிடம் ஏது கார் என்று செலாங்கட் கேட்கவில்லை. பாடகர் குழுவின் கிழவர் தன் அண்ணனுக்குக் கேட்டார். டீச்சர் தன் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியைக்குக் கேட்டாள். எலாம் தன் மாமனாருக்குப் பல்வலி என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தான். பள்ளத்தாக்கிலிருந்து ஒரு மதாத்து நிறைய ஆட்கள் ஏறி வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் வீட்டில் யாரோ ஒருவருக்கு வலித்தது. வரிசை வராந்தாவைத் தாண்டி, செம்மண் சாலை வரை நின்றது. அந்த வரிசையில் வலியுள்ளவர் ஒருவரும் இல்லை.

கடைசியில் அலுவலக வண்டி வந்து நின்றது. திரு. யாடோர் ஆய்வுக்கு வந்திருப்பதாகச் சொன்னார். பெட்டிகளை ஆய்வு செய்தார். ஜன்னலை ஆய்வு செய்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "என் வீட்டுக்காரிக்குக் கொஞ்சம் வேணும்மா. நாள் முழுக்க நாற்காலியில உக்காந்தே வேலை பாக்கறதால கழுத்துல இருந்து கை வரைக்கும் இழுக்குது" என்றார்.

"அவங்களும் ஆபீஸ்ல வேலையா சார்?"

"இல்ல, காய்கறித் தோட்டம்." சொல்லிவிட்டு அவரே கொஞ்சம் நின்றார். "அங்க ஒரு நாற்காலி போட்டிருக்கோம்."

"எத்தனை சார்?"

"ஏழரை. கையெழுத்துப் போடும்போது எட்டு."

செலாங்கட் எண்ணிக் கொடுத்தாள்.

வரிசை தீர்ந்து வார்டு ஓய்ந்தது. ரோடா கட்டில்களைச் சுற்றி வந்து போர்வைகளைச் சரி செய்தாள். செலாங்கட்டின் கட்டிலருகே வந்ததும் போர்வையைச் சரி செய்துவிட்டு, அங்கேயே நின்றாள். மறுபடியும் அதே போர்வையைச் சரி செய்தாள்.

"என்ன சிஸ்டர்?"

"ஒண்ணுமில்லம்மா." ரோடா அட்டையைச் சரியாகக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். "சபையில ஒரு சகோதரி. ஆளுங்களைத் தூக்கித் தூக்கித் திருப்பிப் போடற வேலை. வலது தோள் போயிடுச்சு. தலைக்கு மேல கை தூக்க முடியல, பாவம்."

செலாங்கட் அவளையே பார்த்தாள். "அவங்களுக்கு எத்தனை?"

ரோடா வாயைத் திறந்தாள். கேட்கும் வேலைக்கு மாவட்டமே சான்று கொடுத்துப் பயிற்சி கொடுத்த வாய் அது. ஒரு நொடி அது உண்மையின் பக்கம் போய்விடும் போலத்தான் இருந்தது.

"ஆறுன்னு சொன்னாளாம்" என்றாள் ரோடா. "நான் நேர்ல கேக்கல."

செலாங்கட் இரண்டு மாத்திரையை அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டாள்.

அன்று மாலை வழக்கம்போல அலுவலகத்திலிருந்து போன் வந்தது. மறுமுனையில் யாடோரின் குரல், ஆய்வுக்கு வந்தபோது இருந்ததைவிடத் தெளிவாக, சுகமாக இருந்தது.

"இன்னைக்கு நிலவரம் சொல்லுங்க. வலியுள்ளவர் எத்தனை பேர்?"

ரோடா போனை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஒருத்தர்தான் சார்."